இறையியல் படித்தவருக்குக் காலநிலையிலும் ஜனநாயகத்திலும் என்ன வேலை?

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஓர் இறையியல் பேராசிரியர் கடவுள் நம்பிக்கை, காலநிலை அறம், ஜனநாயகம் என்று மூன்றையும் சேர்த்து வாழ்நாள் முழுக்க எழுதினால் அது உண்மையான ஆய்வா, இல்லை காற்று வீசும் பக்கம் தலைப்பைத் திருப்பிக்கொள்வதா? அதே பாதையில் நீங்களும் முனைவர் பட்டத்துக்குப் போகலாமா என்று யோசிப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்வி வழுக்கிக்கொண்டே போகும். அதனால் ஒரே ஒரு மனிதரின் கல்வி வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அவர் யூர்கன் மோல்ட்மான், ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் 1994 வரை பேராசிரியராக இருந்தவர், 2024 ஜூன் 3 அன்று 98 வயதில் காலமானார். பல வருடமாக அவரை வாசிக்கிறேன், சில இடங்களில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதையும் சொல்கிறேன். ஆனால் இந்த மூன்றும் மூன்று தனித்தனித் தலைப்புகள் இல்லை, ஒரே கேள்வியின் மூன்று முகங்கள் என்பதை இவரைப் போலப் பொறுமையாகக் காட்டியவர்கள் குறைவு. அந்த ஒரே கேள்வி அதிகாரத்தைப் பற்றியது. யாராலும் கேள்வி கேட்கப்படாமல் ஆளும் உரிமை யாருக்காவது உண்டா? கடவுளுக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதாக நாம் கற்பனை செய்தால், அந்தக் கற்பனை அரசியலிலும் மண்ணிலும் காற்றிலும் என்ன வேலை செய்கிறது?

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடலாம், அது இல்லாமல் மற்றது புரியாது. மோல்ட்மான் 1926-ல் ஹாம்பர்க்கில் பிறந்தார். வீட்டில் மதம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கணிதமும் இயற்பியலும் படிக்கவேண்டும் என்பதுதான் ஆசை. 1943-ல் பள்ளிப் பையனாக இருக்கும்போதே விமான எதிர்ப்பு பீரங்கிப் பிரிவில் உதவியாளராகச் சேர்க்கப்பட்டார். அந்த ஜூலை மாதக் கடைசியில் நேச நாட்டு விமானங்கள் ஹாம்பர்க் மேல் நடத்திய குண்டுவீச்சில் 30,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறிப்போக, 17 வயது மோல்ட்மான் மட்டும் பிழைத்தார். கடவுளே நீ எங்கே இருக்கிறாய் என்று அன்று முதல்முதலாகக் கேட்டேன், நான் மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறேன் என்ற கேள்வி அப்புறம் என்னை விடவே இல்லை என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். 1945-ல் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்து மூன்று வருடம் கைதியாக இருந்தார், பெல்ஜியம், ஸ்காட்லாந்து, பிறகு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே நார்ட்டன் முகாம். ஸ்காட்லாந்து முகாமில் பெல்சன், புகன்வால்ட் வதைமுகாம்களின் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். தன் நாடு என்ன செய்திருக்கிறது என்பதை அந்தப் பையன்கள் அங்கேதான் கண்ணால் பார்த்தார்கள். முகாமில் ஒரு ராணுவப் போதகர் கொடுத்த பைபிளில் 39-ஆம் சங்கீதத்தையும், சிலுவையில் 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று இயேசு கதறும் இடத்தையும் வாசித்தபோதுதான் ஏதோ ஒன்று பிடிபட்டது என்கிறார்.

இதில் கவனிக்கவேண்டியது, அவருடைய இறையியல் தொடங்கிய இடம் ஓர் அரசு சரிந்த இடம். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்த ஒரு சமூகத்தின் இடிபாடு அது. எனவே அரசியல் அவருடைய படிப்பில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது இல்லை.

கோட்டிங்கனில் படித்து 1952-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிரேமன் நகரை ஒட்டிய வாஸர்ஹோர்ஸ்ட் என்ற சிற்றூரில் சுமார் ஐந்து வருடம் விவசாயிகளுக்குப் போதகராக இருந்தார், 1958-ல் வுப்பர்டால், 1963-ல் பான், 1967-ல் டூபிங்கன். ஒரு சாதாரண ஜெர்மன் கல்வி வாழ்க்கை போலத்தான் தெரியும். ஆனால் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பைப் பாருங்கள்: மொய்ஸ் அமிரோ என்ற 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு சீர்திருத்த (அதாவது கால்வின் வழிவந்த புராட்டஸ்டன்ட்) இறையியலாளர். இன்று அந்தப் பெயரை நிபுணர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. காலநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அந்தச் சீர்திருத்த மரபின் மையச் சொல் உடன்படிக்கை. கடவுள் மனிதரோடு செய்துகொள்ளும் உறவு ஆணையின் வடிவில் இல்லாமல், இரண்டு தரப்பும் வாக்குக் கொடுக்கும் வடிவில் இருக்கிறது என்பது அதன் அடிப்படை. இதை வைத்துக்கொண்டு பிரெஞ்சு சீர்திருத்தத் திருச்சபையினர், 1572-ல் பாரிஸில் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட பிறகு, ஒரு துணிச்சலான வாதத்தை முன்வைத்தார்கள். 1579-ல் வெளியான ஒரு லத்தீன் நூல் அதைத் தெளிவாகச் சொல்கிறது: அரசனும் மக்களும் சேர்ந்து கடவுளோடு ஓர் உடன்படிக்கையில் இருக்கிறார்கள், அரசன் மக்களோடு இன்னோர் உடன்படிக்கையில் இருக்கிறான், அவன் அதை மீறினால் எதிர்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு. 1603-ல் யோஹான்னஸ் அல்தூசியஸ் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர் இதையே குடும்பம், தொழிற்குழு, நகரம், மாகாணம் என்று கீழிருந்து மேலே கட்டப்படும் கூட்டாட்சிக் கோட்பாடாக விரித்தார். 1651-ல் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் இதற்கு நேர் எதிராக, மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் இருக்கவேண்டுமானால் எல்லா உரிமையையும் ஒரு மாபெரும் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். 1994-ல் எழுதிய ஒரு கட்டுரையில் மோல்ட்மான் இந்த இரண்டு பாதைகளையும் எதிரெதிரே நிறுத்தி, நவீன ஜனநாயகத்தின் வேர் முதல் பாதையில்தான் இருக்கிறது, அது பயத்தின் மேல் நிற்பதில்லை, கொடுத்த வாக்கைக் காப்பதன் மேல் நிற்கிறது என்று வாதிட்டார். 1952-ல் யாரும் கவனிக்காத ஒரு ஆய்வேட்டில் தொடங்கிய இழை 42 வருடம் கழித்து அங்கே வந்து சேர்கிறது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுபவர் என்பதால் இதை உங்களுக்குக் கூடுதலாகவே அழுத்திச் சொல்கிறேன்.

சரி, அவரைப் பிரபலமாக்கியது 1964-ல் வந்த நம்பிக்கையின் இறையியல். இங்கே தமிழில் ஒரு குழப்பம் வரும். நாம் நம்பிக்கை என்றால் கடவுள் நம்பிக்கையையும் சொல்கிறோம், நாளை நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பையும் சொல்கிறோம். தமிழ்த் திருச்சபை வழக்கில் முன்னது விசுவாசம், பின்னதுதான் நம்பிக்கை. மோல்ட்மான் பேசுவது பின்னதை. மார்க்சிய மெய்யியலாளர் எர்ன்ஸ்ட் ப்ளாக் நம்பிக்கை என்ற கருத்தைப் பற்றி எழுதிய மூன்று பாக நூலை 1960-ல் வாசித்து, ஒரு நாத்திகர் இதைப் பேசும்போது கிறிஸ்தவ இறையியல் ஏன் இதைக் கடைசி அத்தியாயத்தில் ஒரு பிற்சேர்க்கை மாதிரி வைத்திருக்கிறது என்று யோசித்ததில் பிறந்த புத்தகம் அது. உலகத்தின் முடிவைப் பற்றிய போதனை கடைசியில் வரக்கூடாது, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கவேண்டும் என்றார். வாக்களிக்கப்பட்ட எதிர்காலத்தை நம்புகிறவர்களால் இன்றைய நிலைமையோடு சமாதானமாகப் போக முடியாது, நம்பிக்கை ஆளை அமைதிப்படுத்தாது, அமைதி இழக்கச் செய்யும் என்பது அதன் சாரம்.

இந்தக் கருத்தை அப்படியே காலநிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். காலநிலை விவாதத்தில் இரண்டு விதமான ஆட்கள் சும்மா இருக்கிறார்கள். எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பவர் ஒருவர், எல்லாம் முடிந்துவிட்டது இனி என்ன செய்ய என்பவர் இன்னொருவர். இருவருக்கும் எதிர்காலம் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. மோல்ட்மானின் கண்ணில் அசட்டுத் துணிச்சலும் விரக்தியும் ஒரே பாவத்தின் இரண்டு பக்கம். காலநிலை பற்றிய புள்ளிவிவரங்களை ஓர் இயற்பியலாளர் அவரைவிட ஆயிரம் மடங்கு நன்றாகச் சொல்வார். ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தைக் கேட்ட மனிதன் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான் என்பதற்கு இயற்பியலில் பதில் இல்லை.

நான் உங்களை நிறுத்தி வாசிக்கச் சொல்லும் இடம் 1972. சிலுவையில் அறையப்பட்ட கடவுள் என்ற புத்தகத்தின் கடைசி அத்தியாயம். முந்நூறு பக்கத்துக்கு மேல் சிலுவை, கடவுளின் வேதனை, திரித்துவம் (தந்தை, மகன், ஆவி என்று மூவராக இருக்கும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவப் போதனை) என்று கனமாகப் போன புத்தகம் முடிவில் சட்டென்று வீதிக்கு வருகிறது. ஐந்து நச்சுச் சுழல்களைப் பட்டியலிடுகிறார்: வறுமை, அதிகாரத்தின் வன்முறை, இன மற்றும் பண்பாட்டு ஒடுக்குமுறை, தொழில்மயம் இயற்கையை அழிப்பது, கடைசியாக வாழ்வே அர்த்தமற்றது என்ற உணர்வு. ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் வழிக்கும் பெயர் வைக்கிறார். வறுமைக்கு எதிரே பொருளாதார நீதி, வன்முறைக்கு எதிரே ஜனநாயகம், ஒடுக்குமுறைக்கு எதிரே அவரவர் அடையாளத்தோடு வாழும் விடுதலை, இயற்கை அழிவுக்கு எதிரே இயற்கையோடு சமாதானம், அர்த்தமின்மைக்கு எதிரே வாழத் துணிவு. இதற்கு மேல் அவர் சொல்வதுதான் முக்கியம்: இந்தச் சுழல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை மட்டும் தனியாக அவிழ்க்க முடியாது.

பூமியின் வளங்களுக்கு வரம்பு உண்டு என்று எச்சரித்த, ரோம் மன்றம் என்ற அமைப்பின் 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கை வந்த அதே வருடம் இது. காலநிலைக்கான அரசுகளுக்கிடையேயான குழு (IPCC) அமைக்கப்பட்டது 1988-ல்தான், இந்தப் புத்தகம் அதற்கு 16 வருடம் முந்தியது. அப்போது கரியமில வாயு பற்றிப் பொதுமேடையில் யாரும் பெரிதாகப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஆனால் ஜனநாயகமும் இயற்கையோடு சமாதானமும் ஒரே பட்டியலில், ஒரே மூச்சில் வந்துவிட்டன. காலத்துக்கேற்றபடி தலைப்பு மாற்றினாரா என்ற உங்கள் சந்தேகத்துக்கு இந்த அத்தியாயம் போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

அடுத்த படி 1980-ல். திரித்துவம் பற்றிய புத்தகம். அதற்கு முன்னால் ஒரு சின்னப் பின்னணி. 1922-ல் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட், நவீன அரசுக் கோட்பாட்டின் முக்கியக் கருத்துகள் எல்லாம் மதச்சாயம் கழுவப்பட்ட இறையியல் கருத்துகள்தான் என்று எழுதினார். சட்டத்துக்கு மேலே நின்று முடிவெடுக்கும் ஒற்றை ஆட்சியாளர் என்ற அவருடைய படம், உலகத்துக்கு மேலே நின்று ஆளும் ஒற்றைக் கடவுளின் நிழல். 1933-ல் ஷ்மிட் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1935-ல் எரிக் பீட்டர்சன் என்ற இறையியலாளர் அதற்கு மறுப்பு எழுதினார்: ஒரே கடவுள், ஒரே பேரரசன் என்ற சமன்பாடு பழைய ரோமில் செல்லுபடியானது, ஆனால் திரித்துவக் கடவுளை நம்புகிறவர்களால் அந்தச் சமன்பாட்டைப் போட முடியாது, ஏனென்றால் அப்படிப்பட்ட கடவுளுக்குப் பூமியில் எந்த அரசனும் உருவப்பொருத்தம் இல்லை. மோல்ட்மான் இந்த இழையை எடுத்து மேலே கொண்டுபோகிறார். தந்தை, மகன், ஆவி மூவரும் ஒருவருக்குள் ஒருவர் இடம் கொடுத்து வாழ்கிறார்கள், அங்கே மேலிருந்து கீழே போகும் ஆணை இல்லை, அதற்குப் பொருத்தமான மனித சமூகம் என்றால் சலுகையும் அடிமைத்தனமும் இல்லாத சமூகம்தான் என்கிறார்.

தமிழில் இது இன்னும் கூர்மையாகப் படும். நாம் கடவுளைக் கூப்பிடும் சொல்லே ஆண்டவர், ஆள்பவர். சொல்லில் தவறு இல்லை. ஆனால் ஆள்வது என்றால் என்ன என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் காதில் என்ன ஏறுகிறது என்று யோசிக்கத்தானே வேண்டும்! அவருடைய மனைவி எலிசபெத் மோல்ட்மான்-வெண்டல் பெண்ணிய இறையியலாளர், ஆண் அதிகாரப் படிமங்களை மோல்ட்மானுக்கு முன்பே கேள்விக்கு உள்ளாக்கியவர். 1981-ல் ஷெஃபீல்டில் உலகத் திருச்சபைகள் மன்றம் நடத்திய கூட்டத்தில் இருவரும் சேர்ந்தே உரை நிகழ்த்தினார்கள். மோல்ட்மானின் 1980-க்குப் பிறகான எழுத்தில் எலிசபெத்தின் கை எவ்வளவு இருக்கிறது என்பதை இன்னும் யாராவது ஒழுங்காக எழுதவேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம்தான் படைப்பு. 1967-ல் லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இறையியல் துறையையே உலுக்கியது. மேற்கத்தியக் கிறிஸ்தவம்தான் உலகம் கண்ட மதங்களிலேயே மிக அதிகமாக மனிதனை மையத்தில் வைத்தது, இயற்கையைச் சுரண்டும் மனநிலைக்கு அதற்குப் பெரிய பங்கு உண்டு என்றார். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் பூமியை நிரப்பி அதைக் கீழ்ப்படுத்துங்கள் என்று வருகிறதே, அதுதான் ஆதாரம். பல இறையியலாளர்கள் தற்காப்பில் இறங்கினார்கள். இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் என்று இருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார்கள். நியாயமான வாதம்தான், ஆனால் அதிலும் மனிதன்தான் மேலாளர், பதவியின் பெயர் மட்டும் அதிபதியிலிருந்து பொறுப்பாளராக மாறுகிறது.

மோல்ட்மான் 1984-85-ல் எடின்பரோவில் கிஃபோர்ட் சொற்பொழிவுகள் நிகழ்த்தி, 1985-ல் படைப்பில் கடவுள் என்று புத்தகமாக்கியபோது வேறு பக்கம் போனார். மனிதன் ஆறாம் நாள் படைக்கப்பட்டான், ஆனால் கதை ஆறாம் நாளில் முடியவில்லை. ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்திருந்தார், அந்த நாளைத்தான் ஆசீர்வதித்தார். ஆக, படைப்பின் மகுடம் மனிதன் இல்லை, ஓய்வுநாள். இதைச் சொல்ல ஒரு வரி போதும், ஆனால் அதன் விளைவுகள் நீளமானவை. உலகம் எதையாவது உற்பத்தி செய்வதற்காக இருக்கிறது என்ற எண்ணமே அடிபட்டுப்போகிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. அடுத்த அதிகாரம் இன்னும் கடுமையானது: மக்கள் அந்த ஓய்வைக் கொடுக்க மறுத்தால் அவர்கள் நாடுகடத்தப்படுவார்கள், ஆளில்லாமல் கிடக்கும் நிலம் தன் ஓய்வைத் தானே அனுபவிக்கும். நிலத்துக்கு ஒரு பங்கு உண்டு, மனிதர் அதைத் தரவில்லை என்றால் அது வேறு வழியில் வசூலாகும் என்ற இந்தப் பார்வை மிகப் பழைய ஒரு வேளாண் சமூகத்திடமிருந்து வருகிறது. அமில மழையில் காடுகள் சாகின்றன என்று ஜெர்மனியே கலங்கியிருந்த, பசுமைக் கட்சி 1983-ல் முதல்முறை நாடாளுமன்றத்துக்குள் போயிருந்த சமயத்தில் இந்தப் புத்தகம் வந்தது. அவர் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஓய்வுநாள் பகுதிதான். திரித்துவம் பற்றியதைவிட இது உறுதியான தரையில் நிற்கிறது.

1985 என்பதே ஒரு வினோதமான வருடம். அதே வருடம் ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபை (அங்குள்ள புராட்டஸ்டன்ட் திருச்சபைகளின் கூட்டமைப்பு), மேற்கு ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயகத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்னால் அந்தத் திருச்சபை அப்படி ஓர் ஒப்புதலை அவ்வளவு தெளிவாகத் தந்ததில்லை. அரசனுக்கும் மேலதிகாரத்துக்கும் கீழ்ப்படிவதே கடமை என்று பல தலைமுறையாகப் போதித்து வந்த ஒரு நிறுவனத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை, 1934-ல் பார்மனில் ஹிட்லர் ஆதரவுக் கிறிஸ்தவர்களுக்கு எதிராக அறிக்கை எழுதிய இறையியலாளர் கார்ல் பார்த் போன்றவர்கள் தொடங்கிவைத்தது அங்கே வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. அதே 1985-ல் சுவிசேஷத் திருச்சபையும் கத்தோலிக்க ஆயர்களும் சேர்ந்து படைப்பைக் காக்கும் பொறுப்பைப் பற்றிக் கூட்டறிக்கை கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் மூன்று ஆவணங்கள். அவை ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரே காற்றைச் சுவாசித்தவை.

இதெல்லாம் புத்தகத்தில் சரி, நிஜத்தில் இந்த மூன்றும் எங்கே ஒன்றாக வந்தன என்று நீங்கள் கேட்கலாம். கிழக்கு ஜெர்மனியில் வந்தன. அங்கே 1982-ல் அரசு சுற்றுச்சூழல் பற்றிய தகவல்களை ரகசியமாக்கியது. ஆற்றில் என்ன கலக்கிறது, காற்றில் எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்பதைக் கேட்பதே குற்றத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. தன் குழந்தைக்கு ஏன் மூச்சுத் திணறுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பிய ஒரு தாய் அரசியல் எதிரி ஆகிவிடுகிறார். சுதந்திரமாகக் கூடிப் பேச இடம் தந்தது திருச்சபைக் கட்டடங்கள் மட்டும்தான். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது, அந்த செப்டம்பரில் கிழக்கு பெர்லினின் சியோன் தேவாலயத்தின் சபை இல்லத்து நிலவறையில் இளைஞர்கள் சுற்றுச்சூழல் நூலகம் தொடங்கினார்கள். பிரதி எடுக்கும் ஒரு ரோனியோ இயந்திரம், சில அலமாரி, தடைசெய்யப்பட்ட பிரசுரங்கள், அவ்வளவுதான். 1987 நவம்பர் 24 நள்ளிரவைத் தாண்டி ரகசியப் போலீஸ் உள்ளே புகுந்து இயந்திரத்தைப் பறித்து ஆட்களைக் கைது செய்தது. தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏந்திய விழிப்புக் கூட்டங்கள் தொடங்கின, செய்தி மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் வந்தது, சில நாளில் அவர்களை விடவேண்டியதாயிற்று.

அடுத்து 1988 பிப்ரவரியில் டிரெஸ்டன், அக்டோபரில் மாக்டபர்க், 1989 ஏப்ரலில் மறுபடி டிரெஸ்டன் என்று திருச்சபைகள் நீதி, அமைதி, படைப்பின் முழுமை என்ற மூன்று தலைப்பில் பேரவை கூட்டின. கூடுவதற்கு முன் மக்களிடம் ஆலோசனை கேட்டார்கள், சுமார் 10,000 பதில்கள் வந்தன. தேர்தல் என்றாலே தலையாட்டல் என்றிருந்த ஒரு நாட்டில் மனிதர்கள் தங்கள் சொந்தக் கையெழுத்தில் தங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். அறிக்கை எழுதுவது, திருத்தம் கொண்டுவருவது, வாக்கெடுப்பது என்று ஜனநாயகத்தின் சின்னச் சின்ன வேலைகளை அவர்கள் பழகிய இடம் இந்தக் கூட்டங்கள்தான். 1989 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் நடந்த மோசடியை வாக்குச்சாவடி வாக்குச்சாவடியாகக் கணக்கெடுத்து அம்பலப்படுத்தியவர்களில் பலர் திருச்சபைக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். அக்டோபர் 9 அன்று லைப்ஸிக்கில் நிக்கோலாய் தேவாலயத்தின் திங்கள்கிழமை ஜெபத்துக்குப் பிறகு சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. இதை மோல்ட்மான் நடத்தவில்லை, அவர் மேற்கில் இருந்தவர். ஆனால் அவர் 1972-ல் பட்டியலிட்ட சுழல்கள் பின்னிக் கிடந்ததையும், ஒன்றை அவிழ்க்கப் போனவர்கள் இன்னொன்றையும் அவிழ்க்க நேர்ந்ததையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது முதலில் சொன்ன உடன்படிக்கைக்குத் திரும்புகிறேன். 1970-களில் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்புக்காக மனித உரிமைகளின் இறையியல் அடிப்படை பற்றி எழுதியவர்களில் மோல்ட்மானும் ஒருவர். 1990 வாக்கில் அதை இன்னும் இரண்டு திசையில் நீட்டினார்: வருங்காலத் தலைமுறையின் உரிமைகள், இயற்கையின் உரிமைகள். எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஜலப்பிரளயத்துக்குப் பிறகு நோவாவோடு கடவுள் செய்யும் உடன்படிக்கை. ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், அந்த உடன்படிக்கை உங்களோடு, உங்களுக்குப் பின்வரும் சந்ததியோடு, உங்களோடு இருக்கிற சகல ஜீவராசிகளோடு என்று மூன்று தரப்பைச் சொல்கிறது. இன்றைய மனிதர், நாளைய மனிதர், மனிதரல்லாத உயிர்கள். ஓட்டுப்போட முடிந்தவர்கள் இதில் ஒரு பகுதிதான். இன்றைய தேர்தல் முறைக்கு இந்த மற்ற இரண்டு தரப்பையும் கேட்கத் தெரியாது, அது ஜனநாயகத்தின் குறை, ஆனால் ஜனநாயகத்தைக் கைவிடக் காரணம் இல்லை. காலநிலைக்காக ஜனநாயகத்தைக் கொஞ்ச காலம் ஓரம்கட்டி வைக்கலாம் என்று சொல்பவர்களுக்கு, சுற்றுச்சூழல் தகவலையே ரகசியமாக்கிய கிழக்கு ஜெர்மனியை நினைவூட்டினால் போதும்.

சட்டத்தில் இந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 1994-ல் ஜெர்மன் அரசியல் சாசனத்தில் 20அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது, வருங்காலத் தலைமுறைகளுக்கான பொறுப்போடு உயிர்வாழ்வின் இயற்கை ஆதாரங்களை அரசு காக்கவேண்டும் என்கிறது அது, 2002-ல் விலங்குகளும் சேர்ந்தன. 2021 மார்ச்சில் எடுத்த முடிவில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், 2019-ஆம் வருடக் காலநிலைச் சட்டம் 2030-க்குப் பிறகான சுமையை எதிர்காலத்தின் தலையில் தள்ளுகிறது, அதனால் இன்றைய இளைஞர்களின் நாளைய சுதந்திரம் பாதிக்கப்படுகிறது, அந்த அளவுக்கு அது செல்லாது என்றது. சில மாதத்தில் அரசு 2030-க்கான பசுங்குடில் வாயுக் குறைப்பு இலக்கை 55 சதவீதத்திலிருந்து 65 ஆகவும், கார்பன் சமநிலை எட்டும் வருடத்தை 2050-லிருந்து 2045 ஆகவும் மாற்றியது. நீதிபதிகள் இறையியல் வாசித்து இந்தத் தீர்ப்பை எழுதவில்லை, அப்படி உரிமை கொண்டாடுவது நேர்மையும் இல்லை. சுதந்திரத்தை இன்றைக்கு இருப்பவர்களோடு நிறுத்தாமல் காலத்தின் குறுக்கே நீட்டிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பல துறைகளில் பல வழிகளில் பழுத்தது, இறையியல் அதில் ஒரு வழி.

அவரோடு எனக்கு எங்கே ஒத்துப்போகவில்லை என்று சொல்கிறேன் என்றேன். திரித்துவத்தை சமூகத்துக்கு மாதிரியாக வைப்பதை 2000-ல் கேரன் கில்பி என்ற இறையியலாளர் வலுவாக விமர்சித்தார்: நமக்குப் பிடித்த சமூக உறவைக் கடவுளுக்குள் கொண்டுபோய் வைக்கிறோம், பிறகு அதைக் கடவுளிடமிருந்து கண்டுபிடித்ததாகச் சொல்லி உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். இந்த விமர்சனம் சரி என்றே நினைக்கிறேன். கடவுளை அரசனாகப் பார்த்தவர்களும் இதே வேலையைத்தானே செய்தார்கள். இன்னொன்று, அவர் பல சமயம் மிக உயரத்திலிருந்து பேசுகிறார். நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால் அங்கே வேலை பார்த்தவர் நாளைக்கு என்ன செய்வார் என்ற இடத்துக்கு அவர் எழுத்து அடிக்கடி இறங்கி வருவதில்லை. அர்ஜென்டினாவின் ஹோசே மிகெஸ் பொனினோ 1970-களிலேயே கிட்டத்தட்ட இதையே குறையாகச் சொன்னார், மோல்ட்மான் 1976-ல் பகிரங்கக் கடிதம் எழுதிப் பதில் சொன்னார். அந்த வாக்குவாதத்தில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சமூக நீதியைச் சொல்லி ஜனநாயக உரிமைகளை இரண்டாம் இடத்துக்குத் தள்ளக்கூடாது என்பதில் நான் மோல்ட்மான் பக்கம்.

அவருடைய உயரத்துக்கும் அன்றாடத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் அடுத்த தலைமுறை. வோல்ஃப்காங் ஹூபர் ஹைடல்பர்க்கில் பேராசிரியராக இருந்து 1994-ல் பெர்லின் பேராயர் ஆனார், அவர் மாணவர் ஹைன்ரிச் பெட்ஃபோர்ட்-ஸ்ட்ரோம் பாம்பர்க்கில் பேராசிரியராக இருந்து 2011 முதல் 2023 வரை பவேரியாவின் பேராயராக இருந்தவர், 2022 முதல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுத் தலைவர். இவர்கள் பொது இறையியல் என்று அழைக்கும் முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொதுவெளியில் பேசும்போது பைபிள் வசனத்தைச் சொல்லி வாயடைக்கக் கூடாது, நம்பாதவருக்கும் புரியும் காரணத்தைச் சொல்லவேண்டும், அதே சமயம் தான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை மறைக்கவும் கூடாது. இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள்.

சரி, நீங்கள் போகலாமா? போகலாம், ஆனால் மூன்றையும் தலைப்பில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். காலநிலை, ஜனநாயகம், இறையியல் என்று மூன்றும் சேர்ந்த ஆய்வேடு பெரும்பாலும் மூன்றிலும் மேலோட்டமாக முடியும். மோல்ட்மான் செய்ததைச் செய்யுங்கள்: ஒரு குறுகிய இடத்தில் ஆழமாகத் தோண்டுங்கள், ஒரு ஆள், ஒரு நூற்றாண்டு, ஒரு சொல். எபிரேயமும் கிரேக்கமும் அரைகுறையாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஓய்வுநாள் பற்றிய வாதமே மூலத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் நிற்கிறது. காலநிலை அறிவியலில் ஒரு பருவமாவது முறையாகப் பாடம் கேளுங்கள், கார்பன் வரி எவ்வளவு இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதற்காக இல்லை, அதைச் சொல்பவர்கள் பேசும்போது எங்கே கணக்கு முடிந்து எங்கே மதிப்பீடு தொடங்குகிறது என்று உங்களுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக. வாசிக்கத் தொடங்குவதற்கு 1985 புத்தகத்தை எடுக்காதீர்கள், அது நீளம். 1972 புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை முதலில் வாசித்துவிட்டு, அந்த ஐந்து சுழல்களில் எது உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதி அனுப்புங்கள், அதை வைத்து எந்த நூற்றாண்டுக்குப் போகலாம் என்று பேசுவோம்.